டிராக்கில் விழுந்தால் பில் யார் தலையில்?

கட்டணம் கட்டி சொந்த வண்டியை ரேஸ் டிராக்கில் ஓட்டும் 'டிராக் டே'வுக்குப் போவதற்கு முன், உங்கள் கார் அல்லது பைக் பாலிசியை எடுத்து 'லிமிடேஷன்ஸ் ஆஸ் டு யூஸ்' (பயன்பாட்டு வரம்புகள்) என்ற தலைப்பைத் தேடுங்கள். வாடகைக்கு ஓட்டுவது, சரக்கு ஏற்றுவது ஆகியவற்றோடு இன்னும் நான்கு விஷயங்கள் அங்கே விலக்கப்பட்டிருக்கும்: ஆர்கனைஸ்டு ரேசிங் (ஏற்பாடு செய்த பந்தயம்), பேஸ் மேக்கிங் (மற்றவர்களுக்கு வேகம் வைத்து முன்னே ஓட்டுவது), ஸ்பீடு டெஸ்டிங் (வேகச் சோதனை), ரிலையபிலிட்டி டிரையல் (வண்டி தாங்குமா என்று பார்க்கும் ஓட்டம்). எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் வாசகம் ஏறக்குறைய இதேதான், ஏனென்றால் இது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக இருந்த பழைய இந்திய மோட்டார் டாரிஃப் போட்டுக் கொடுத்த அச்சு. பொது விலக்குகள் பகுதியில் இதற்குத் துணையாக இன்னொரு வரியும் இருக்கும்: இந்த வரம்பை மீறி வண்டி பயன்படும்போது ஏற்படும் எந்த இழப்புக்கும் கம்பெனி பொறுப்பாகாது. ஜீரோ டெப், இன்ஜின் புரொடெக்ட், ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் எல்லாம் இந்த வரிக்குக் கீழேதான் வருகின்றன. அடிப்படை பாலிசி செல்லாத இடத்தில் ஆட்-ஆன் மட்டும் தனியாகச் செல்லாது.

இதைப் படித்ததும் பலரும் சொல்வது, "டிராக் டே ரேஸ் இல்லையே, பொசிஷன் இல்லை, பரிசு இல்லை, கொடி அசைத்து ஸ்டார்ட் கூடக் கிடையாது" என்பது. வாதம் தவறில்லை. விலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டியது கம்பெனிதான். வாசகத்தில் குழப்பம் இருந்தால் அதை எழுதிய தரப்புக்கு எதிராகவே பொருள்கொள்ள வேண்டும் என்பதும் காப்பீட்டுச் சட்டத்தில் பழகிய விதி. ஆனால் கம்பெனியின் வக்கீல் 'ரேசிங்' என்ற சொல்லைத் தொடமாட்டார். 'ஸ்பீடு டெஸ்டிங்' பக்கம் போவார். டிரான்ஸ்பாண்டர் (சுற்று நேரம் அளக்கும் கருவி) மாட்டியிருந்தீர்களா, லேப் டைம் பட்டியல் ஒட்டினார்களா, டேட்டா லாகர் ஓடியதா என்று கேட்பார். அமைப்பாளரின் விளம்பரத்தில் 'உங்கள் மெஷினின் எல்லையைச் சோதியுங்கள்' என்று ஒரு வரி இருந்தால் அவருக்கு அதுவே போதும். சமீபத்திய பாலிசிகள் சிலவற்றில் 'ரேஸ் டிராக்கில் பயன்படுத்துதல்' என்று நேரடியாகவே எழுதிவிடுகிறார்கள். அங்கே வாதிட ஒன்றுமில்லை.

சந்தேகம் இருந்தால் ஏஜெண்டிடம் வாய்மொழியாகக் கேட்டுப் பயனில்லை. கம்பெனியின் அதிகாரப்பூர்வ ஐடிக்கு ஒரு மெயில் போடுங்கள்: பாலிசி எண், தேதி, டிராக்கின் பெயர், நேரக் கணக்கு உண்டா இல்லையா, பயிற்சியாளர் இருப்பாரா. ஓன் டேமேஜும் (உங்கள் வண்டியின் சேதம்) தேர்ட் பார்ட்டியும் (அடுத்தவருக்கான இழப்பீடு) அன்று செல்லுமா என்று நேரடியாகக் கேளுங்கள். பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் பதில் வரும். அதுவும் நல்லதே, வண்டிக்கு அன்று காப்பீடே இல்லை என்று தெளிவாகக் கணக்குப் போடலாம். பதிலே வராவிட்டால் அதை சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒரு நாளுக்கென்று தனி டிராக் டே பாலிசி வாங்கலாம். வண்டிக்கு ஒப்புக்கொண்ட மதிப்பு, அதில் ஒரு பங்கை நீங்கள் ஏற்க வேண்டும், மீதி அவர்கள் தருவார்கள். அங்கேயும் அது பெரும்பாலும் வண்டியின் சேதத்துக்குத்தான், நீங்கள் இடித்தவருக்கு அல்ல. இந்த வேறுபாடு இங்கேயும் முக்கியம். டிராக்கில் நான்கு விதமான செலவுகள் வரலாம்: உங்கள் வண்டி, உங்கள் உடம்பு, அடுத்தவரின் உடம்பும் வண்டியும், டிராக்கின் சொத்து. ஒவ்வொன்றுக்கும் பணம் வரும் வழி வேறு. முதலாவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். உச்சவரம்பு தெரிந்த செலவு அது ஒன்றுதான், வண்டியின் விலைக்கு மேல் போகாது. மற்ற மூன்றுக்கும் வரம்பு கிடையாது.

அடுத்தவர்மேல் மோதினால்

கட்டாய தேர்ட் பார்ட்டி காப்பீடு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146, 147 பிரிவுகளில் வருகிறது. இரண்டிலும் 'பொது இடம்' என்ற சொல்தான் அச்சாணி. 2(34) பிரிவின்படி, பொதுமக்களுக்கு நுழையும் உரிமை உள்ள இடம் அது. வேலி போட்டு, கட்டணம் வாங்கி, கையெழுத்து வாங்கி உள்ளே விடும், சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக்கோ கோவைக்கு அருகே உள்ள செட்டிபாளையம் டிராக்கோ அதில் அடங்குமா? அடங்காது என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. அனுமதியின் பேரில் பொதுமக்கள் போய்வரும் தனியார் இடத்தையும் பொது இடமாகக் கொள்ளலாம் என்று பாம்பே உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1988இல் சொல்லியிருக்கிறது.

பொது இடம் என்று நிரூபித்துவிட்டாலும் அடுத்த தடை காத்திருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 150(2) ஆகிவிட்ட பழைய 149(2) பிரிவு, கம்பெனி எந்தக் காரணங்களைக் காட்டிக் கழன்றுகொள்ளலாம் என்று பட்டியலிடுகிறது. 'ஆர்கனைஸ்டு ரேசிங் அண்ட் ஸ்பீடு டெஸ்டிங்' அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கிறது. லைசென்ஸ் காலாவதி போன்ற மீறல்களில் 'முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும்' என்று நீதிமன்றங்கள் அடிக்கடி உத்தரவிடுவதுண்டு. இங்கும் அப்படி நடந்தால் காயம்பட்டவருக்கு நிம்மதி. உங்களுக்கு இல்லை, கம்பெனி கொடுத்த தொகைக்கு உங்கள் வாசலுக்கு வரும்.

விபத்துத் தீர்ப்பாயத்தின் அதிகாரம் 'மோட்டார் வாகனப் பயன்பாட்டால்' ஏற்படும் மரணம், காயம் எல்லாவற்றுக்கும் விரிகிறது. அந்தப் பிரிவில் பொது இடம் என்ற சொல் கிடையாது. தவறு யாருடையது என்று பார்க்காமலேயே மரணத்துக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம் என்கிறது 164ஆவது பிரிவு, பொறுப்பாளி வண்டியின் உரிமையாளர் அல்லது அவருடைய காப்பீட்டாளர். காப்பீட்டாளர் விலகிவிட்டால் மிச்சமிருப்பது ஆர்சியில் பெயர் உள்ளவர்தான். ஆகவே மச்சானுக்கோ நண்பனுக்கோ "ஒரு செஷன் ஓட்டிட்டு வா" என்று சாவி கொடுப்பவர் அவனுடைய திறமையோடு தன் சொத்தையும் சேர்த்தே நம்புகிறார். வண்டி லோனில் இருந்தால் ஹைப்பாத்திகேஷன் போட்ட வங்கியும் வரிசையில் நிற்கும். வண்டி சுருண்டாலும் ஈஎம்ஐ நிற்காது.

கிரிமினல் பக்கம் தனி. பொதுச் சாலையில் தாறுமாறாக ஓட்டுவதற்கான பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 281ஆம் பிரிவு டிராக்கில் பொருந்துவது சிரமம். அனுமதியில்லாத பந்தயத்துக்கான மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவும் பொது இடத்தையே பேசுகிறது. ஆனால் அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதற்கான பிஎன்எஸ் 106ஆம் பிரிவுக்கு இடம் ஒரு பொருட்டே இல்லை, ஐந்து ஆண்டு வரை தண்டனை. மஞ்சள் கொடி காட்டும்போது ஓவர்டேக் செய்து ஒரு மார்ஷலை (கொடி காட்டும் டிராக் பணியாளரை) இடித்துவிட்டு 'இது டிராக், இங்கே இதெல்லாம் சகஜம்' என்று சொல்ல முடியாது. யாரும் கையெழுத்துப் போட்டுத் தரும் எந்தக் காகிதத்தாலும் போலீஸ் வழக்கைத் தள்ளிவைக்க முடியாது.

அந்தக் கையெழுத்து

காலை ஏழு மணிக்கு, டயர் வார்மரைப் பார்த்துக்கொண்டே, பேனா கடன் வாங்கிப் போடும் கையெழுத்துதான் அன்றைய நாளின் மிகப் பெரிய பண முடிவு. அந்தப் படிவத்தில் பொதுவாக மூன்று தனித்தனி ஷரத்துகள் ஒரே பத்தியில் கலந்து கிடக்கும். பிரித்துப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது ஆபத்து ஏற்பு: 'இது அபாயகரமான செயல் என்று அறிவேன்.' இதில் பயப்பட எதுவுமில்லை. கையெழுத்துப் போடாவிட்டாலும் நீதிமன்றம் அதையேதான் சொல்லும். சட்டக் கல்லூரியில் 'வொலென்டி' (தெரிந்தே ஆபத்தை ஏற்றவர் பிறகு இழப்பீடு கேட்க முடியாது என்ற விதி) பாடத்தில் நடத்தும், இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் டிராக்கைப் பற்றிய 1930களின் வழக்கின் சாரமும் இதுதான். ஒரு கார் தடுப்பைத் தாண்டிப் பார்வையாளர்மேல் பாய்ந்தது. நியாயமான முன்னேற்பாடு இருந்ததால் அமைப்பாளர் பொறுப்பல்ல என்று தீர்ப்பு.

இரண்டாவது பொறுப்பு விடுவிப்பு: 'என்ன நடந்தாலும் அமைப்பாளர்மேல் வழக்குத் தொடரமாட்டேன்.' இது எழுதியிருப்பது போல முழுசாகச் செல்லாது. வழக்குத் தொடரும் உரிமையையே முற்றாகத் தடுக்கும் ஒப்பந்தத்தை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவு செல்லாததாக்குகிறது. பொதுநலனுக்கு எதிரானதை 23ஆம் பிரிவு. கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் சேவை என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஆனால் எல்லாம் செல்லாது என்று எண்ணுவதும் ஆபத்து. நீங்களே வேகம் தவறி டிராக் ஓரத்து ஜல்லிக்குள் (கிராவல்) போனால், அந்தத் தாளைக் காட்டினாலும் காட்டாவிட்டாலும் உங்களுக்கு வழக்கே கிடையாது. தடுப்பின் முன்னால் டயர் அடுக்கு இல்லை, ஆம்புலன்ஸ் வெளியே போயிருந்தபோதும் செஷனை ஓடவிட்டார்கள், எண்ணெய் கொட்டியதைச் சொல்லியும் கொடி காட்டவில்லை என்பன போன்றவைதான் விடுவிப்பைத் துளைக்கும் உண்மைகள்.

கலிஃபோர்னியா ஸ்பீட்வேயில் 2005 ஜூனில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஃபெராரி கிளப் நடத்திய டிராக் டே. பிட் லேனிலிருந்து ஒரு ஃபெராரி மெதுவாக வெளியே வந்தது, நேர்பாதையில் வேகமாக வந்த போர்ஷே கரேரா ஜிடி கார் அதைத் தவிர்க்கத் திருப்பிக் கட்டுப்பாடு இழந்து சுவரில் மோதியது. ஓட்டியவரும் பக்கத்தில் இருந்தவரும் இறந்தார்கள். கையெழுத்துப் போட்ட விடுவிப்புப் படிவம் இருந்தது. இருந்தும் பக்கத்து இருக்கைக்காரரின் மனைவி வழக்குப் போட்டார். சுவர் டிராக்குக்கு நெருக்கமாக இருந்தது, வண்டியின் கையாளுகையில் சிக்கல் இருப்பதை ஓட்டியவர் சொல்லவில்லை, தயாரிப்பாளர் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் வைக்கவில்லை என்பன குற்றச்சாட்டுகள். சுமார் 45 லட்சம் டாலருக்கு சமரசம் ஆனது. பெரும்பங்கைச் சுமந்தவை இறந்த ஓட்டுநரின் சொத்தும் ஸ்பீட்வேயும். இறந்துபோன ஒருவர் நண்பரை ஒரு சுற்று ஏற்றிக்கொண்டதற்காக அவருடைய குடும்பம் பணம் கட்டியது என்பதைக் கவனியுங்கள். பக்கத்து இருக்கையில் ஆள் ஏற்றாதீர்கள் என்று சொல்வதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

மூன்றாவதுதான் நான் உண்மையில் பயப்படும் ஷரத்து: ஈட்டுறுதி, அதாவது இண்டெம்னிட்டி. 'என் செயலால் அமைப்பாளருக்கு எதிராக எந்த மூன்றாம் நபர் எந்தக் கோரிக்கை வைத்தாலும், வக்கீல் கட்டணம் உட்பட அனைத்தையும் நான் ஈடு செய்வேன்.' இங்கே நீங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை, கடனை ஏற்கிறீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 124, 125 பிரிவுகளின்படி இது முழுக்கச் செல்லக்கூடியது, பெரும்பாலும் தொகை வரம்பும் இருக்காது. எதிர்ப்பே இல்லாமல் மாற்றக் கூடியவை இரண்டு உண்டு: 'அமைப்பாளரின் சொந்த அலட்சியத்தால் ஏற்பட்டவை நீங்கலாக' என்று ஒரு வரி, 'பங்கேற்பாளருக்கும் பங்கேற்பாளருக்கும் இடையே அவரவர் சேதம் அவரவருக்கு' என்று ஒரு வரி. முதல் நாளே மெயிலில் கேட்டால் நல்ல அமைப்பாளர்கள் சேர்ப்பார்கள். அன்று காலை வரிசையில் நின்றுகொண்டு கேட்டால் யாரும் சேர்க்கமாட்டார்கள்.

அதே தாளின் அடியில் டிராக் சொத்துச் சேதம் பற்றி ஒரு வரி இருக்கும். தடுப்பு, டயர் அடுக்கு, விளம்பரப் பலகை, எண்ணெய் சுத்தம் செய்யும் பொடி, செஷன் நின்ற நேரம். இவற்றில் எதற்கு விலைப்பட்டியல் உண்டு என்று கேளுங்கள். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் பொதுமக்கள் ஓட்டும் நாட்களில் ஓட்டுநருக்குத் தடுப்பின் மீட்டர் கணக்கில் பில் வருவது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அங்கே சட்டப்படி அது சுங்கம் கட்டிப் போகும் சாலை, காப்பீடு தலையிட ஓரளவு வழி இருக்கிறது. இங்கே அந்த வசதியை எதிர்பார்க்காதீர்கள்.

பதினெட்டு வயது நிரம்பாதவர் போட்ட கையெழுத்து, 1903இல் வந்த ஒரு தீர்ப்பு முதலே செல்லாது. அப்பா போட்டால்? தன் சார்பில் அவர் ஏற்ற பொறுப்பு அவரைக் கட்டும், பிள்ளையின் காயத்துக்கான உரிமையைக் கட்டாது. சிறுவனுக்கு வயது நிரம்பிய பிறகே காலவரம்பு ஓடத் தொடங்கும். இதனால்தான் கவனமுள்ள அமைப்பாளர்கள் சிறுவர்களை எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு) உரிமத்தோடு நடக்கும் பயிற்சியில் மட்டுமே விடுவார்கள்.

உடம்பு

இங்கேதான் ஒரு நல்ல செய்தி. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019இல் மருத்துவக் காப்பீட்டின் விலக்குகளைச் சீராக்கியபோது அபாய விளையாட்டுக்கு 'எக்ஸ்கிளூஷன் 09' என்று ஒரு குறியீடு வைத்தது. மோட்டார் ரேசிங் அதில் பெயரோடு இருக்கிறது. ஆனால் வாசகம் 'தொழில்முறையாளராகப் பங்கேற்பதால்' என்றுதான் சொல்கிறது. கட்டணம் கட்டி வாரக் கடைசியில் ஓட்டும் அமெச்சூரை அது தொடவில்லை. உங்கள் பாலிசியில் இந்தக் குறியீட்டையும் அந்தச் சொல்லையும் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். ஊதியம் வாங்கிப் பயிற்சி கொடுப்பவரும் ஸ்பான்சர் பணத்தில் ஓட்டுபவரும் அமெச்சூர் என்று சொல்லிக்கொள்வது அவ்வளவு எளிதல்ல.

மருத்துவமனையில் ஒரு நுட்பம். விபத்து என்றால் எம்எல்சி (போலீஸுக்குத் தெரிவிக்கும் மருத்துவப் பதிவு) போடுவார்கள். அவசரத்தில் வந்த நண்பர் 'ரோடு ஆக்சிடெண்ட்' என்று சொல்லிவிட்டால், டிபிஏ (காப்பீட்டுக் கம்பெனி சார்பில் க்ளெய்மைக் கவனிக்கும் நிறுவனம்) அடுத்த நாளே எஃப்ஐஆர் நகல் கேட்கும். எஃப்ஐஆர் இருக்காது, கேஷ்லெஸ் நின்றுபோகும். 'மூடிய டிராக்கில் பயிற்சி ஓட்டத்தில் பைக்கிலிருந்து விழுந்தார்' என்று உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதே வாசகம் வர வேண்டும்.

மோட்டார் பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய் உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீட்டை டிராக்கில் எண்ணாதீர்கள், பொது விலக்கு அதற்கும் உண்டு. தனியாக வாங்கும் பெர்சனல் ஆக்சிடெண்ட் பாலிசியில் 'சக்கரங்களில் பந்தயம்' என்ற வகை விலக்கு இருக்கிறதா, பயிற்சியும் அதில் அடக்கமா என்று பாருங்கள். டெர்ம் இன்ஷூரன்ஸின் அடிப்படைத் தொகை பொதுவாக மரணக் காரணத்தைப் பார்ப்பதில்லை, ஆனால் அதோடு ஒட்டிய விபத்து மரண ரைடர் (கூடுதல் காப்பீட்டு இணைப்பு) பார்க்கும். விண்ணப்பத்தில் அபாயப் பொழுதுபோக்கு பற்றிய கேள்விக்கு 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு டிராக்குக்குப் போகிறவர் தன் குடும்பத்துக்குத்தான் சிக்கல் வைக்கிறார். காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டுக்குள் கம்பெனி அதைத் தோண்டலாம்.

அமைப்பாளரிடம் 'இன்ஷூரன்ஸ் இருக்கிறதா' என்று கேட்டால் 'இருக்கிறது' என்பார், பொய்யும் அல்ல. அது பெரும்பாலும் பொதுப் பொறுப்புக் காப்பீடு, வேடிக்கை பார்ப்பவருக்கானது. (1991இன் பப்ளிக் லயபிலிட்டி இன்ஷூரன்ஸ் சட்டத்தை யாராவது காட்டினால் சிரித்துவிடுங்கள், அது அபாய ரசாயனங்கள் பற்றியது.) பாலிசி அட்டவணையின் ஒரு பக்கத்தைக் கேளுங்கள். ஒரு விபத்துக்கு எவ்வளவு, அன்றைய தேதி உள்ளே வருகிறதா, பங்கேற்பாளர் இன்னொரு பங்கேற்பாளரைக் காயப்படுத்தினால் விலக்கா, மார்ஷல்கள் யாருடைய காப்பீட்டில் இருக்கிறார்கள், பங்கேற்பாளருக்கென்று குழு விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறாரா. கடைசி இரண்டுக்கும் உடனே பதில் சொல்பவரிடம் பணம் கட்டுங்கள்.

விழுந்த பிறகு

வண்டியை வெளியே கொண்டுவந்து, நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தி, 'நாய் குறுக்கே வந்தது' என்று க்ளெய்ம் போடும் யோசனை யாராவது ஒருவர் வாயிலிருந்து வராத டிராக் டே கிடையாது. சர்வேயர்கள் இதை நிறையப் பார்த்தவர்கள். பம்பர் லைனரின் உள்ளே ஜல்லி, டயர் ஓரத்தில் உருண்டு ஒட்டிய ரப்பர் துணுக்கு, வெந்து கொப்பளித்த டயர் தோள், ஹெட்லைட்டில் டேப் ஒட்டிய பசை, நீலம் பாய்ந்த பிரேக் டிஸ்க், முன்னால் திருகிய டோ ஹுக். பைக்கில் இன்னும் எளிது: சம்ப் போல்டில் துளையிட்டுக் கட்டிய சேஃப்டி வயர், கூலண்ட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தண்ணீர், கழற்றிய கண்ணாடியின் துளைகள். ஏர்பேக் விரிந்த காரில் கடைசி நொடிகளின் வேகம் பதிவாகியிருக்கும் வாய்ப்பும் உண்டு. இவை எதுவும் தேவையில்லாமலேயே நண்பர்கள் மாலைக்குள் வீடியோ போட்டுவிடுவார்கள். க்ளெய்ம் நிராகரிப்போடு நிற்காது, பாலிசியே ரத்தாகும், ஏமாற்று வழக்கும் வரலாம்.

ஆனால் நியாயமாகக் கேட்கக் கூடியவையும் உண்டு, அவற்றை விடாதீர்கள். பேடக்கில் (டிராக்குக்கு வெளியே வண்டிகள் நிற்கும் இடம்) நிறுத்தியிருந்த வண்டி திருடு போனால், பக்கத்து ஜெனரேட்டரிலிருந்து தீப்பிடித்தால், அப்போது அது எந்த வேகச் சோதனையிலும் இல்லை, கேட்க வழக்கு இருக்கிறது. ஃப்ளாட்பெட்டில் (வண்டி ஏற்றும் லாரியில்) ஏற்றிப் போகும்போது கயிறு அறுந்து சரிந்தால், ஓன் டேமேஜ் பிரிவின் அபாயப் பட்டியலிலேயே சாலை, ரயில் வழிப் பயணத்தில் ஏற்படும் சேதம் இருக்கிறது. ஏற்றுவதற்கு முன் நாலாபுறமும் தேதியோடு படம் எடுத்துவைத்தால், டிராக்கில் வந்த கீறல் எது, வழியில் வந்தது எது என்ற சண்டை வராது.

ஓட்டியே திரும்புவதாக இருந்தால் பாலிசியின் இன்னொரு நிபந்தனை விழித்துக்கொள்கிறது. விபத்துக்கோ பழுதுக்கோ பிறகு சரிசெய்யாமல் ஓட்டினால் கூடுதல் சேதம் உரிமையாளர் பாடு, வண்டியை நல்ல நிலையில் வைத்திருப்பதும் அவர் கடமை. கேட்டைத் தாண்டியதும் தேர்ட் பார்ட்டி காப்பீடு மறுபடி உயிர்பெறும், ஆனால் பேட் தேய்ந்து இரும்பு உரசும் பிரேக்கோடு ஒருவரை இடித்தால் அதே கம்பெனி அந்த நிபந்தனையைத்தான் முதலில் எடுக்கும். ஆகவே கிளம்புவதற்கு முன் ஒரு செட் பேட் கையிருப்பில் இருக்கட்டும். பிரேக் ஃப்ளூயிட் கொதித்திருந்தால் பழையதை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சில் மறுபடி முறுக்குங்கள். நம்பர் பிளேட், கண்ணாடி, இண்டிகேட்டர் திரும்ப ஏறட்டும், ஏர்பேக் ஃபியூஸைக் கழற்றியிருந்தால் அதுவும். டயரில் நூல் தெரிந்தால் ஃப்ளாட்பெட்டுக்கு போன் போடுங்கள்.